ஆள் பார்த்துத் திறந்த கதவு

கடுகு என்று அவளுக்குப் பெயர் வைத்தது பட்டறை ஆட்கள்தான். ஆள் அத்தனை சிறிசு. வாய் மட்டும் அந்த அளவுக்குச் சிறிசில்லை. காருக்குள் நின்றபடியே சீட் தைக்கிறவள் என்று யாராவது கேலி செய்தால், "குனிஞ்சு குனிஞ்சு முதுகு போனது உங்களுக்கு, எனக்கென்ன?" என்பாள்.

அந்தப் பட்டறையில் தெருவில் ஓடுகிற மாதிரிக் கார் எதுவும் செய்யமாட்டார்கள். "என்னுது மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது" என்று ஆசைப்படுகிறவர்களுக்காகச் செய்கிற கார்கள் அவை. செருப்புக் கடைக்காரர் ஒருவர் பூட்ஸ் வடிவத்தில் கேட்டார். முன்பக்கத்தில் கயிறு கோத்து முடிச்சுப் போட்டே கொடுத்தார்கள். பல் டாக்டர் ஒருவர் கடைவாய்ப்பல் வடிவத்தில் கேட்டார். அதற்கு ஈறு நிறத்தில் சீட் தைத்தவள் கடுகு. டாக்டர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கே" என்றார்.

"வீக்கம் தானா வடிஞ்சிடும் சார். ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வீட்டில் இந்த வேலைக்குக் காலணா மரியாதை கிடையாது. கணவன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து அவன் அக்கா பேசுவாள். துணிக்கடையில் மேற்பார்வை பார்க்கிறவள். யாரிடம் அறிமுகம் செய்தாலும் கடுகை, "என் தம்பி பொண்டாட்டி, பஞ்சு அடைக்கிறா" என்றே சொல்லுவாள். கடுகும் சும்மா இருக்கமாட்டாள். "ஆமா, அண்ணி துணி மடிக்கிறாங்க" என்று அதே மூச்சில் முடித்துவைப்பாள்.

அந்த வருடம் கார் கண்காட்சிக்குப் பட்டறை முதலாளி சொந்தமாக ஒரு கான்செப்ட் கார் செய்தார். கான்செப்ட் கார் என்றால், நாளைக்குக் கார் இப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்கே காட்டுவது. பார்க்கலாம், வாயைப் பிளக்கலாம், ஓட்ட முடியாது. நீர்த்துளி மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஸ்டியரிங் இல்லை, கதவில் கைப்பிடி இல்லை. மனிதர்கள் பக்கத்தில் போனால் கதவு தானாகத் திறக்கும் என்று ஊரெல்லாம் விளம்பரம் வேறு போயிருந்தது.

கண்காட்சி தொடங்குகிற காலையில் கதவு மோட்டார் புகைவிட்டு உயிரை விட்டது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மலை மாதிரி இருந்த மெக்கானிக்தான் யோசனை சொன்னார். "சீட்டுக்குப் பின்னால பேட்டரி வைக்கிற பள்ளம் காலியா இருக்கு. யாராவது உள்ள படுத்துக்கிட்டுக் கயித்த இழுத்தா கதவு தொறந்துரும்."

எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் என்ன பேட்டரியா?" என்றாள் கடுகு.

"கண்காட்சி முடியற வரைக்கும்தான்மா" என்று முதலாளி கெஞ்சினார்.

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"உள்ள இன்ஜினே இல்ல. அதையே இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நாளைக்கு வரப்போறத இன்னைக்கே காட்டறோம், அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்குங்கறது நான்தான்" என்று சொல்லிக்கொண்டே கடுகு உள்ளே ஏறினாள். ஏறுவதற்கு முன்னால் ஒரு மெத்தையும் சின்ன மின்விசிறியும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பக்கவாட்டில் கறுப்பு வலை ஒன்று இருந்தது. அதன் வழியாக அவளுக்கு வெளியே எல்லாம் தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். மைக் பிடித்த ஆள், "வாங்க, கிட்ட வாங்க!" என்று கூவுவான். யாராவது நெருங்கியதும் கடுகு கயிற்றை இழுப்பாள். கதவு இறக்கை மாதிரி மேலே எழும்பும். கூட்டம் 'ஆ' என்னும். மதியம் வரை எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடியது.

மதியத்துக்கு மேல் நாத்தனார் வந்தாள், துணிக்கடைச் சிநேகிதிகள் புடைசூழ.

"இந்தக் கம்பெனிலதான் என் தம்பி பொண்டாட்டி இருக்கா. என்னமோ இந்தக் காரையே இவதான் பெத்த மாதிரி பீத்திக்குவா. பஞ்சு அடைக்கறவளுக்கு வாய்ப் பேச்சைப் பாரு!" என்று காருக்கு நாலடி தள்ளி நின்று சொல்லிவிட்டு, ஒயிலாகக் கதவை நோக்கி வந்தாள்.

கடுகின் கை கயிற்றில்தான் இருந்தது. இழுக்கவில்லை.

"கிட்ட வாங்கம்மா, இன்னும் கிட்ட" என்று மைக்குக்காரன் வழிந்தான். நாத்தனார் கார் மேலேயே சாய்ந்துவிட்டாள். ம்ஹூம். சிநேகிதிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் முகம் சிவந்து விலகிய அதே நேரம், தரை துடைக்கிற அம்மா ஒருத்தி வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள். கடுகு கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள். கதவு ராணிக்குத் திறப்பது போலத் திறந்தது.

மைக்குக்காரன் கெட்டிக்காரன். "பாத்தீங்களா? இந்தக் கார் டிரெஸ்ஸப் பாக்காது, மனசப் பாக்கும்!" என்று ஒரே போடாகப் போட்டான்.

அவ்வளவுதான். மறுநாள் ஊரே திரண்டுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். வாழ்நாளில் யாருக்கும் நன்றி சொல்லாதவர்கள் காவலாளிக்கு நன்றி சொன்னார்கள். ஒரு மனைவிக்குத் திறந்த கதவு அவள் கணவனுக்குத் திறக்கவில்லை. மனைவி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தொழிலதிபர் ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். முதலாளி காரின் பின்புறம் ஓடிவந்து இருமினார், தட்டினார், "தொற தாயே" என்று முணுமுணுத்தார். கடுகு அசையவில்லை. அந்த மனிதர் வரும்போது தரை துடைக்கிற அம்மாவின் காலை மிதித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காததை வலை வழியாகப் பார்த்திருந்தாள்.

அதிகாரம் யாரைத்தான் விட்டது? போகப் போக மீசை பிடிக்கவில்லை என்று ஒருவருக்குத் திறக்கவில்லை. கை மரத்துப் போனதால் ஒரு இளம்பெண்ணுக்குத் திறக்க முடியவில்லை. அவள் கண் கலங்கிப் போனதைப் பார்த்ததும் கடுகுக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை.

கடைசி நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த வேளையில் நாத்தனார் தனியாக வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, கதவிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"என்னத்தக் கண்டு அன்னைக்கு மூடிக்கிட்ட? கடையில ஒருத்தி விடாம சிரிக்கறா. சரி, தம்பி பொண்டாட்டியச் சொன்னது தப்புதான். அவ தச்ச சீட்டுல ஆளுங்க உக்காந்து போறாங்க. நான் மடிச்ச துணிய அடுத்து வர்றவன் கலைச்சுட்டுப் போயிடறான். வயித்தெரிச்சல். போதுமா? தொற."

கடுகு கயிற்றை இழுத்தாள்.

நாத்தனார் உள்ளே உட்கார்ந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சீட் ஒட்டின பசை நெடி மூக்கில் ஏறி, கடுகு தும்மிவிட்டாள். அவள் தும்மினால் ஒன்றோடு நிற்காது, சரவெடி. வீட்டில் அந்தச் சத்தத்துக்குப் பால் பாத்திரம் கவிழ்ந்திருக்கிறது.

நாத்தனார் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி கேட்டாள்: "எவ்வளவு நேரமா உள்ள இருக்க?"

"காலையிலேர்ந்து, அண்ணி."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சா எறங்கணுமே."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினாள். மூலையில் கிடந்த போர்வையை எடுத்துக் காரை மூடினாள். எட்டிப் பார்க்க வந்தவர்களை, "கார் ஓய்வெடுக்குது, அப்பால போங்க!" என்று விரட்டினாள். துணிக்கடையில் கூட்டத்தை மேய்த்த குரல். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கடுகு போர்வைக்கு அடியில் நழுவிக் கழிவறைக்கு ஓடினாள்.

சாயங்காலம்வரை நாத்தனார் அங்கேயே நின்றாள். ஒருவருக்குத் திறக்கலாம் என்றால் ஒரு இருமல், கூடாது என்றால் ரெண்டு. கடுகு எல்லோருக்கும் திறந்து பாவத்தைக் கழுவிவிடலாம் என்று பார்த்தாள். வெளியே இருமல் ரெண்டு ரெண்டாக வந்துகொண்டே இருந்தது. காது கேளாதவள் போல இழுத்துத் திறந்துவிட்டாள். "அவனுக்கெல்லாமா தொறப்ப?" என்று வலை வழியாக வசவு விழுந்தது.

அடுத்த வாரம் அந்தத் தொழிலதிபர் பட்டறைக்கே வந்தார், காரை வாங்க. "எனக்கு முகத்துக்கு நேரா முடியாதுன்னது இது ஒண்ணுதான்" என்றார். முதலாளி வெலவெலத்து உண்மையைச் சொல்லிவிட்டார். கடுகைக் கூப்பிட்டார்கள்.

"ஏம்மா எனக்குத் தொறக்கல?"

"தரை துடைக்கிற அம்மா காலை மிதிச்சுட்டுப் போயிட்டீங்க சார்."

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "ரொம்ப வலிச்சிருக்குமோ?"

"என்னையக் கேட்டா? கால் அவங்களுது."

மனிதர் சிரித்துவிட்டார். புது மோட்டாரும் இன்ஜினும் வைத்துத் தரச் சொல்லிக் காரை வாங்கிக்கொண்டார். போகிற வழியில் கண்காட்சி மண்டபத்தில் இறங்கி அந்த அம்மாவைத் தேடினார் என்று டிரைவர் பிற்பாடு சொன்னார்.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து முதலாளிக்கு ஃபோன் வந்தது. "எல்லாருக்கும் தொறக்குதுய்யா, சப்புன்னு இருக்கு. உள்ள படுத்திருந்த அந்த அம்மாவ எப்பவாவது அனுப்ப முடியுமா?"

முதலாளி ஃபோனைப் பொத்திக்கொண்டு கடுகைக் கேட்டார். வாயில் நூலைக் கடித்தபடி அவள், "எங்க அண்ணிய அனுப்பறேன்னு சொல்லுங்க. வீட்டுக்காரருக்கே தொறக்க மாட்டாங்க" என்றாள்.

முதலாளி அதை அப்படியே சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குக் கை நிறைய வேலை என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.