ஆயில்யத்தில் நின்ற கம்ப்யூட்டர்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் முதன்முதலாக வீட்டுக்குள் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவன் நான்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நெஞ்சு சற்று நிமிரும். உடனே அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும். நெஞ்சு பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பழசென்று கழித்துப்போட்ட பெட்டி அது. பிரசவம் முடிந்தவளை வீட்டுக்கு அழைத்து வருவதுபோல, பள்ளம் வந்தால் பதறி, மேடு வந்தால் பதறி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மகன் படிப்புக்கு என்று ஊரெல்லாம் சொன்னேன். மகன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் யாரோ ஒரு ஜாதக புரோகிராமை ஃபிளாப்பியில் கொடுத்தார்கள். அதைப் போட்டதுதான் தாமதம், என் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. காரணம் எளிமையானது. ஜோசியரைத் தனியாகப் பார்த்து, காபி வாங்கிக் கொடுத்து, இல்லாத பொருத்தத்தை இருப்பதாகச் சொல்ல வைக்கலாம். கம்ப்யூட்டருக்குக் காபி வாங்கிக் கொடுக்க முடியாது. லேத்தும் மில்லிங் மிஷினுமாக வாழ்கிற தொழிற்சாலைக்காரர்கள் அல்லவா? மனிதன் சொன்னால் சந்தேகப்படுவார்கள், மிஷின் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தொழிற்சாலை ஆபீசில் வெறும் குமாஸ்தாவாக இருந்த எனக்கு திடீரென்று ஒரு மரியாதை வந்தது. எதிரே வருகிறவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கிப் பேசினார்கள்.

மிஷினோ மகா சோம்பேறி. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, துவட்டி, சட்டை மாட்டிக்கொண்டு வந்தால் அப்போதுதான் கண் திறந்திருக்கும். தீபாவளிக்கு முன்னால் புதிதாக இன்னொரு குணமும் சேர்ந்துகொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். திரையில் இருப்பது அப்படியே இருக்கும். எந்தக் கட்டையைத் தட்டினாலும் கேட்காது. 'ஹேங் ஆயிடுச்சு' என்ற சொல்லை எங்கள் தெருவுக்கு அறிமுகம் செய்துவைத்த பெருமையும் என்னுடையதே. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அணைப்பது, குலதெய்வத்தை நினைப்பது, மறுபடி போடுவது.

பக்கத்து வீட்டுக்காரர் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கம். அவர் தங்கை அவரோடுதான் இருந்தாள். முப்பது தாண்டிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் வேலை. விடியுமுன் எழுந்து அந்த வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டு ரயில் பிடிப்பாள். இரவு வந்து எல்லோர் பாத்திரத்தையும் கழுவிவிட்டு, அண்ணன் பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுப்பாள். அண்ணிக்கு அவள் சம்பளம் பிடிக்கும், அவளைப் பிடிக்காது. கிணற்றடியில் என் மனைவியிடம் ஒருநாள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறாள்: "மாப்பிள்ளை குருடோ நொண்டியோ, எனக்கு ஒண்ணுமில்லக்கா. இந்த வீட்ட விட்டு வெளிய போனா போதும்."

வெளியே போக முடியாமல் கதவில் நின்றது அவள் நட்சத்திரம். ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பது ஊரறிந்த பயம். அதிலும் ஒரு விலக்கு உண்டு. நட்சத்திரத்துக்கு நாலு பாதம். முதல் பாதமாக இருந்தால் தோஷமில்லை. அவள் எந்தப் பாதம் என்பதில் பார்த்த ஜோசியர்கள் எல்லோருமே ஒவ்வொன்று சொல்லிவைத்திருந்தார்கள். வந்த வரன்களின் அம்மாக்கள் எல்லோருக்கும் தங்கள் உயிர் மேல் ஆசை இருந்தது.

பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன் வந்தபோது ஃபிட்டர்தான் யோசனை சொன்னார். "நீங்க சொல்ற ஜோசியரும் வேண்டாம், நாங்க சொல்ற ஜோசியரும் வேண்டாம். கம்ப்யூட்டர் என்ன பாதம்னு சொல்லுதோ, ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்." அவர்களும் சரி என்றார்கள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் படலம் என் வீட்டு ஹாலில், என் மிஷின் முன்னால் நடந்தது.

மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் அப்பா என்று மூன்று பேர். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை அன்று முழுவதும் பேசிய ஒரே சொல் 'சர்க்கரை', அதுவும் காபிக்காக. அம்மா மட்டும் நாற்காலியைத் திரைக்கு நேரே இழுத்துப் போட்டு, தேர்வு மேற்பார்வைக்கு வந்தவர்போல உட்கார்ந்தார். "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முட்ச்சிடு நைனா" என்றார். பெண் சுவரோரம் பாயில், பட்டுப்புடவையில், தலையைக் குனிந்து.

முதலில் மாப்பிள்ளையின் பிறந்த விவரங்களைப் போட்டேன். திரையின் அடியில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்து நிறைந்தது. சுபம். அடுத்து பெண்ணுடையதைப் போட்டேன். பட்டை நகர்ந்தது. பாதி தூரம் வந்தது. நின்றது.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. யோசிக்குது."

"மாப்ளைக்கு யோசிக்கலியே?"

எண்டரைத் தட்டினேன். தட்டினேன் என்பதைவிட, கட்டடத்துக்கு ஜல்லி உடைத்தேன் என்பது பொருந்தும். மானிட்டரைத் தட்டினேன். மானிட்டரின் மறுபக்கத்தைத் தட்டினேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று, விருந்தாளிகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஏங்க, வயித்துவலிக்காரனுக்கு மண்டையில எதுக்கு அடிக்கிறீங்க?"

ஃபிட்டர் என் காதோரம் குனிந்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் கிரீஸ் கொண்டாரட்டா?"

அணைத்துப் போட்டேன். அது எழுந்து வருவதற்குள் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ஞானம் முழுவதையும் அவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டேன். அது அவ்வளவு சிறியது. மறுபடி பெண்ணின் விவரத்தைப் போட்டேன். இம்முறை பட்டை பாதிகூட வரவில்லை.

அந்த அம்மாள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். திரையைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். பிறகு தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார்.

"நட்சத்திரத்த போட்டதும் மிஷினே உசுர உட்டுச்சே. என் ஒடம்ப இன்னா இரும்புலயா செஞ்சி வச்சிருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பழக்கதோஷத்தில் சிரித்து, பாதியில் ஹேங் ஆனேன். ஃபிட்டரின் முகம் தொங்கிவிட்டது. பாயில் இருந்தவள் நிமிரவில்லை. பட்டுப்புடவையின் ஜரிகையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இவர்கள் இதோடு எழுந்து போனால் அடுத்த வரன் வராது. ஆயில்யம் என்பது மாறி, கம்ப்யூட்டரையே சாகடித்த ஆயில்யம் என்றாகிவிடும்.

மிஷினை அணைத்துவிட்டு இரண்டாம் சுற்றுக் காபிக்கு ஏற்பாடு செய்தேன். காபி குடித்து முடிவதற்குள் என் மூளையில் ஒரு மின்னல். இது மிஷின் கோளாறுதான், நட்சத்திரக் கோளாறு அல்ல என்று நிரூபித்துவிட்டால்?

"யார் நட்சத்திரம் போட்டாலும் நிக்கும் பாருங்கம்மா. என்னோடதையே போடறேன்" என்று சவால் விட்டேன்.

என்னுடையது குதிரை மாதிரி ஓடியது. பட்டை நிறைந்தது. தீர்க்காயுள், ராஜயோகம் என்று என்னென்னவோ வந்தன. பெருமையோடு திரும்பியபோதுதான் எல்லோரும் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். "கடவுளே" என்று என் மனைவி உள்ளே போய்விட்டாள். பதறிப்போய் பெண்ணுடையதை மறுபடி போட்டேன். நின்றது.

"போதும் நைனா" என்றார் அந்த அம்மாள். "உன்னிது ஓடுது, என் புள்ளைது ஓடுது. இதுது மட்டும் நிக்குது. இன்னொரு தபா போட்டா தெருவுக்கே கரண்டு பூடும்." முந்தானையை உதறிக்கொண்டு எழப்போனார்.

அப்போது சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. அன்று அவள் பேசிய முதல் பேச்சு.

"அண்ணாச்சி, அத்தையோடதப் போட்டுப் பாருங்களேன்."

"ஏ பிள்ள, சும்மா இரி" என்று ஃபிட்டர் சீறினார்.

"என்னிதா? என்னிது இன்னாத்துக்கு?" என்றார் அந்த அம்மாள். "எனக்குப் பொறந்த நேரமெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். அதுவரை அவரை நாங்கள் ஒரு ஸ்டூலாகத்தான் கணக்கில் வைத்திருந்தோம். அவர் நிதானமாக, வருஷம், மாசம், தேதி, மில் சங்கு ஊதின நேரம் என்று ஒப்பித்தார்.

"யோவ், அது இன்னா வருஷம்? எனக்கு அவ்ளோ வயசா கீது?"

"கம்ப்யூட்டராண்ட பொய் சொல்லக்கூடாது" என்றார் அவர்.

அணைத்து, மறுபடி எழுப்பிப் போட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பட்டையை நான் பார்த்ததில்லை. ஓடி முடிந்தால் அந்தப் பெண் ஒழிந்தாள். நின்றால் அந்த அம்மாள் ஒழிந்தார். எது நடந்தாலும் என் வீட்டில் நடக்கப்போகிறது. எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், பொதுவாகக் கரண்டாவது போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பட்டை ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது.

சைக்கிள் கடைக்காரருக்குச் சிரிப்பு எங்கிருந்தோ, அடிவயிற்றிலிருந்து, துருப்பிடித்த பெல் மாதிரி விட்டுவிட்டு வந்தது. "இத்தினி வருசமா நான் சொல்லிக்கினு கீறேன், எவன் கேட்டான்! மிஷினு கண்டுபுட்ச்சிடுச்சு பாத்தியா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் உதடுகூடக் கோணியது. பாயில் இருந்தவள் வாயைப் பொத்தாமல், பல் தெரிய, சத்தமாகச் சிரித்தாள். பக்கத்து வீட்டில் இருந்த நாளெல்லாம் நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது. அது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்தபோதே தெரிந்திருக்கும்.

"எய்ந்திரு. ராகு காலம்" என்றார் அந்த அம்மாள் மகனிடம். வாசல்படியில் நின்று பெண்ணைப் பார்த்தார். "உன் நட்சத்திரம் எதுக்கும்மா? வாயே போதும்." பிறகு கணவரிடம்: "இன்னும் இன்னா பல்லக் காட்டிக்கினு நிக்கற?" அவர் சிரிப்பு விளக்கை ஊதினதுபோல அணைந்தது. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

அடுத்த வாரமே குவார்ட்டர்ஸ் முழுக்கக் கதை பரவியது. தொழிற்சாலையில் ஒரு லேத் நின்றால், "எவன்டா இங்க ஆயில்யம்?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள், ஃபிட்டர் தலையைத் தூக்காமல் ஸ்பானரைத் தேடுவார். என் வாசலில் செருப்புகள் குறைந்தன. பூந்தமல்லி மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் நிச்சயமானது என்றும் சேதி வந்தது.

என் மனைவி, "இத எடுத்துப் பரண்ல போடுங்க, இல்ல நான் போடறேன்" என்று சொன்ன நாளில்தான் பெட்டியின் மூடியைக் கழற்றத் துணிந்தேன். பின்பக்கம் இருக்கும் சின்ன மின்விசிறியில், கறுத்துச் சுருண்ட ஏதோ ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. எலிக்குஞ்சு என்று அலறிப் பின்வாங்கினேன். பூச்சரம். ஆயுத பூஜையன்று நானே போட்டது. தொழிற்சாலையில் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம் உண்டு. ஆனால் அன்றைக்கு அங்கே எந்த மிஷினும் ஓடாது. என் வீட்டு மிஷினுக்கு மட்டும் குறையா என்று பின்னால் தொங்கவிட்டேன். அடுத்த நாளே ஓட்டினேன். சரத்தை விசிறி உள்ளே இழுத்துச் சுற்றிக்கொண்டு நின்றுபோயிருக்கிறது. பெட்டி கொதிக்கும்போது நிற்கும், காபி குடிக்கிற நேரம் ஆறினால் ஓடும். என் ராஜயோகம் காபி போட்ட யோகம்.

கத்தரிக்கோலால் சரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அவள் விவரத்தைப் போட்டேன். பட்டை நிற்காமல் ஓடியது. முதல் பாதம். தோஷம் இல்லை.

பிரிண்டர் கதறி முடிப்பதற்குள் அவளைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டேன். வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் வந்தாள். தாளைக் கொடுத்தேன்.

"முதல் பாதமா?"

"ஆமாம்மா. சுத்தமா தோஷம் இல்ல. உன்னால ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வராது. நாளைக்கே தெரு முழுக்கச் சொல்லிடறேன். அடுத்து வர்ற வரன்காரங்ககிட்டயும் நானே சொல்றேன்."

அவள் தாளைப் படித்தாள். ஓரத்தில் இருந்த துளை வரிசையைப் பட்டையாகக் கிழித்து விரலில் சுற்றினாள்.

"யாருக்கும் கெடுதல் இல்லயா?"

"இல்லவே இல்ல."

"அப்ப ஒண்ணுக்கும் உதவாத நட்சத்திரம்னு சொல்லுங்க." தாளை நாலாக மடித்தாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. எங்க மதினிக்கு இப்பத்தான் என்னயக் கண்டா பயம் வந்திருக்கு. எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது. நேத்து அவளே தோச சுட்டுப் போட்டா, தெரியுமா? மொறுமொறுன்னு. கிட்ட வந்து வைக்காம, தட்ட எட்டத் தள்ளிவிட்டா."

சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

அவளைத் தேடிக்கொண்டு ஃபிட்டரின் சின்ன மகள் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள். அத்தை என்று இரண்டு கையையும் தூக்கினாள். இவள் குனிந்து தூக்கப்போனாள். பக்கத்து வீட்டிலிருந்து அண்ணியின் குரல் கிறீச்சிட்டது. குழந்தை கையை இறக்கிவிட்டு வந்த வழியே ஓடியது.

"இது ஒண்ணுதான் கஷ்டம்" என்றாள் அவள், குனிந்த வாக்கிலேயே.