பென்சில் தொட்ட நெற்றி

பேர்னாட் பென்சிலைச் சீவினால் முனை ஊசிபோல நிற்கும். மட்டக்களப்பு நகரில் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் கமெராவைவிட அந்தப் பென்சிலைத்தான் நம்பினார்கள். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாவற்றையும் நெகட்டிவிலேயே மூடிவிடுவார்.

தன்னாமுனையில் பிறந்தவர். கொழும்பில் எட்டு வருடம் தொழில் பழகினார். பயந்த மனிதர். பிழை வந்தபின் திருத்துவதைவிட வராமல் தடுக்கவே பாடுபடுவார். அப்பிய பவுடரை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார். இல்லாவிட்டால் முகம் சுண்ணாம்புச் சுவராகிவிடும். ஆளைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி இருத்துவார். இல்லாவிட்டால் நிழல் இன்னொரு தலைபோல விழும். வாவிக் காற்றின் ஈரத்துக்குப் பயந்து லென்ஸை வறுத்த அரிசி போட்ட டின்னில் வைப்பார். மூடினேனா என்று இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்ப்பார்.

1964 மார்கழியில் காத்தான்குடி நெசவுக்காரர் ஆதம்பாவா ஹஜ் பயண விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தார். மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். எடுத்த அன்றே மாலை ரயிலில் அவருடைய மருமகன் பாறூக் படத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு ஆதம்பாவா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, இது ஆரு?”

“நீங்கதான் காக்கா.”

“முகம் என்ட முகம்தான். நெத்தி ஆர்ர?”

பேர்னாட் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நெற்றி நடுவில் புளியங்கொட்டை அளவில் கருத்த காய்ப்பு. அதைத் தோல் நோய் என்று நினைத்து மூடியிருந்தார்.

“முப்பது வருசம் தொழுகையில சுஜூது செஞ்சு, தரையில நெத்தி பட்டுப்பட்டு வந்தது. நீங்க அரை மணித்தியாலத்தில எடுத்துப் போட்டீங்களே! கெட்டிக்காரன்தான்.” ஆதம்பாவா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஆள் வேறயெண்டு கப்பல்ல ஏத்தாம விட்டா என்ன செய்யிற, தம்பி?”

மீண்டும் எடுக்கப் பிலிம் இல்லை. கொழும்புப் பார்சல் வர ஒரு கிழமை ஆகும். இருந்ததே இரண்டு, ஒன்றில் ஆதம்பாவா கண்ணைச் சிமிட்டிவிட்டார்.

“இஞ்சாருங்க, படத்தில கறுப்பா ஒரு புள்ளி வெச்சா என்ன?” மனைவி மேர்சி கேட்டாள்.

“அப்ப அது நான் வெச்ச தழும்பு. அவர்ர இல்ல.”

இருட்டறைக்குள் போனார். பென்சில் பிடிப்பதற்காக நெகட்டிவில் பூசிய வார்னிஷை டர்பன்டைனால் துடைத்தால் பென்சிலும் போய்விடும். வெயில் காலமென்றால் யோசிக்க மாட்டார். மழை ஈரத்தில் நெகட்டிவின் மேற்படலம் ஊறிக் கிடந்தது. பஞ்சில் ஒரு மணல் துகள் இருந்தாலும் நெற்றி முழுக்கக் கீறு விழும். கீறு விழுந்தால் ஆதம்பாவாவுக்கு முகமே இல்லை.

பஞ்சைப் பிய்த்துப் பார்த்தார். எறிந்தார். வேறு பஞ்சு எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்தாமல், ஒரே பக்கமாக ஒரு தரம் துடைத்தார். கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இன்னொரு தரம். வெளியே ஆதம்பாவா இருமுவது கேட்டது. பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது. விளக்குக்கு நேரே பிடித்தார். நெற்றி நடுவில் சின்னத் தெளிவு. நெகட்டிவில் தெளிவாகத் தெரிவது படத்தில் கறுப்பாக விழும்.

நாலரைக்குப் புதிதாக அச்சிட்ட படத்தைக் கழுவினார். மழையில் எப்போது காய்வது? மேர்சி அடுப்பு அனலுக்கு மேலே பிடித்து விசிறினாள். “சுருளுது, சுருளுது!” என்று பேர்னாட் சத்தம் போட்டார். “சும்மா நில்லுங்க, உங்கட கத்தலிலதான் சுருளுது” என்றாள்.

ஆதம்பாவா படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். “ஓம். இது நான்தான்.” சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பாறூக்கிடம் கொடுக்க மழையில் ஸ்டேசனுக்கு ஓடினார். அடுத்த வருடம் கப்பலேறினார்.

அதற்குப் பிறகு பேர்னாட் பென்சிலை எடுக்குமுன் ஒவ்வொருவர் முகத்திலும் விரல் காட்டிக் கேட்பார்: “இது நிக்கட்டுமா, எடுக்கவா?” சிலர் கோபித்தார்கள். அவர் விடவில்லை.

1978இல் பேர்னாட்டின் மரண அறிவித்தலுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. அதில் இடது கன்னத்தில் சின்ன வயது வெட்டுக்காயம் தெரிகிறது. பென்சில் மேசையில்தான் இருந்தது. கேட்பதற்கு அவர் இல்லை. அதனால் அந்தக் காயத்தை யாரும் தொடவில்லை.