நாசிக்குக்குப் போட்ட திட்டம்

மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் ஒயின் பரிமாறுவது என் வேலை. ஊற்றினால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். கிளாஸின் காம்பைப் பிடியுங்கள், வெள்ளைத் துணிக்கு எதிரே வைத்து நிறம் பாருங்கள், ஒரு சுற்றுச் சுற்றி முகருங்கள், ஒரு வாய் எடுத்து நாக்கெல்லாம் படவிடுங்கள். பயிற்சியில் நானும் சுவைத்துத் துப்பித்தான் கற்றேன். ஆனால் அந்தத் திராட்சையைக் கொடியில் பார்த்ததேயில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றித் தினமும் அளந்துவிடுவது எனக்கே கூச்சமாக இருந்தது.

அதனால் அறுவடை சமயத்தில், ஒயின் திராட்சை விளையும் நாசிக்குக்குப் போக லீவு போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும், வெறும் வயிற்றோடு சுவைக்கக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்தேன். என் கணவர் போய்த் திருப்போரூரில் இருக்கும் தன் அம்மாவிடம் ஊர்ப் பெயரை உளறிவிட்டார்.

"நாசிக்கா? அதுக்குப் பக்கத்துலதாண்டா ஷீரடி கீது!" என்றார் மாமியார்.

அவ்வளவுதான். நாத்தனார் குடும்பம், சித்தப்பா குடும்பம் என்று எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் யார் பெட்டியை இறக்கினாலும் அது கோயில் யாத்திரையாகத்தான் முடியும்.

நாசிக்கில் ரயிலைவிட்டு இறங்கி ஷீரடிக்கு வேன் பிடித்தோம். வழியில் ஒரு தோட்டத்தின் வாசலைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"சாமி பாக்கப் போகச்சொல்ல குடிச்சிட்டா போவ?" என்றார் மாமியார்.

சரி, நியாயம்தான். திரும்பும்போது அதே வாசல். "தரிசனம் முடிஞ்சிடுச்சே அத்தை."

"பையில பிரசாதம் கீது. அத்த எடுத்துகினு ஒயின் ஷாப்புக்குள்ள போவியா?"

"அது ஒயின் ஷாப் இல்ல அத்தை, தோட்டம்."

"அங்க இன்னா, மோரா ஊத்துறான்?"

வேனே சிரித்தது. என் கணவரும் சிரித்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

ஊர் வந்ததும் மாமியார் தெரு முழுக்கப் பிரசாதம் கொடுத்தார். "எல்லாம் என் மருமவ போட்ட பிளான். அடுத்த வருசமும் இட்டுகினு போறாளாம்." நான் அப்படிச் சொல்லவேயில்லை.

எதிர்வீட்டு அக்கா அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். தானும் வருவதாகச் சொல்லி, என்னென்ன விரதம் இருக்க வேண்டும் என்று கேட்டார். மாமியார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கறி, மீன் கூடாதுக்கா," என்றேன். "வர்றவங்க யாரும் குடிக்கவும் கூடாது."