ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

கழிவுநீர் வேலை ஒழுங்காக நடந்தால் நீ இருப்பதே ஊருக்குத் தெரியாது. நடக்காவிட்டால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு உன் வாசலில் நிற்கும். மூக்கை அடகு வைத்துப் பிழைக்கும் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. மஸ்கட்டில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் பொதுவில் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தபோது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது: தீபாவளி கழிந்து வந்து பார்ப்போம், வெளியேறும் தண்ணீர் நாறினாலோ நுரைத்தாலோ எல்லாப் பட்டறைக்கும் சீல்.

முதல் பார்வையாளர்

வந்த புதிதில், வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் தினமும் வந்து, பட்டறைகளின் சாயத் தண்ணீர் தனித்தனிக் குழாயில் வந்து விழும் முதல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கறையுள்ள மனிதர் என்று பூரித்து, சுத்தமான தண்ணீர் வெளியேறும் இடத்துக்கு அழைத்தேன். அவர் பதறிவிட்டார்.

"அது எதுக்கு சார் எனக்கு? எதிர்ப் பட்டுக்கடைக்காரன் இந்த முகூர்த்தத்துக்கு இன்னா கலர் சேலை இறக்கப்போறான்னு இங்க நின்னாத்தானே தெரியுது!"

பளபளப்பு

பட்டு நூலைச் சோடாவும் சோப்பும் போட்டு அவிக்கும்போது அதன் பசை தண்ணீரில் இறங்கும். சாயத்தைச் சுண்ணாம்பும் படிகாரமும் அடியில் படியவைத்துவிடும். பசையைத் தின்பதற்கோ உயிருள்ள கிருமிகள் வேண்டும். அவை மூச்சுவிட மோட்டார் வைத்துக் காற்று ஊதும் காற்றுத் தொட்டியில் பழுப்புச் சேறாகப் புரண்டுகொண்டிருப்பவை அவைதான். மாதக்கணக்கில் வளர்ந்த சேறு.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சென்னைக்குப் போயிருந்தேன். பூஜையன்று காலை வந்தால் மோட்டாருக்கு மாலை, கம்பத்தில் வாழைக்கன்று, சுவரெல்லாம் சந்தனப் பொட்டு. தொட்டி காலி! ஆபரேட்டர் தேவராஜும் ஆட்களும் சேற்றை அள்ளி வெயிலில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தார்கள். என் ஊழியர்களில் ஒரு கிருமிகூட மிச்சமில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தேவராஜ் பொரி கொண்டுவந்து நீட்டினார்.

"பூஜையும் அதுவுமா அழுக்கா வெச்சா சாமி கோச்சிக்காதா சார்? சேறு போச்சின்னு யாருனா அழுவாங்களா?"

மஸ்கட் வைத்தியம்

மாட்டுச்சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றி மறுபடி கிருமி வளர்க்க ஆரம்பித்தேன். அது வளரும்வரை எல்லோரும் பாதித் தண்ணீர்தான் விட வேண்டும் என்றேன். தீபாவளி நேரம்! கணவர் போனபின் தனியாகப் பட்டறை நடத்தும் சரோஜாம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. இப்போது நூலைக் காக்கவைத்தால் நெசவாளர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். சீல் விழுந்தால் பட்டறையே போய்விடும். தொட்டியை எட்டிப் பார்த்தவர் மாரில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும், திரும்பிப் போய் நூல் அவிக்கும் இரண்டு அடுப்பில் ஒன்றை அணைத்துவிட்டார். போகிற போக்கில் கேட்டது இதுதான்:

"தண்ணிய சுத்தம் பண்ணச் சொன்னா சாணியக் கரைச்சி ஊத்துறீங்களே! வெளிநாட்டுக்குப் போயி இத கத்துக்கினுதான் வந்தீங்களா சார்?"

அதிகாரி

தீபாவளி கழிந்து வாரியத்து அதிகாரி வந்தார். பட்டறைக்காரர்கள் கேட்டருகே கூடி நின்றார்கள். கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரை மோந்தார், குலுக்கினார். நுரை இல்லை, நாற்றம் இல்லை. அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை. கிணற்றுத் தண்ணீரைக் கலந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு, குழாய்குழாயாகத் தடவிக்கொண்டே போனார். கடைசியில் காற்றுத் தொட்டியில் பழுப்பாகப் புரளும் சேற்றைப் பார்த்துத்தான் சமாதானமானார். பாட்டிலில் எடுத்துப்போன தண்ணீரும் தேறிவிட்டதென்று பின்னால் தகவல் வந்தது, சீல் இல்லை. சரோஜாம்மா பட்டறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அணைத்த அடுப்பில் விறகை வைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"நல்லா இருங்க சார். அதான் பாஸாயிடுச்சே, பொங்கலுக்காவது அந்தத் தொட்டியக் கழுவ உடுங்க, பாக்கவே அருவருப்பா இருக்குது!"

ஆக, அழுக்கைக் காப்பாற்றுவதுதான் என் உத்தியோகம் என்பதை, என் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் எந்த மொழியில் சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.