மூத்தவளுக்குக் கிடைக்காத ஊசி

என் உடம்பில் எந்த அறிகுறியும் இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாகவில்லை, சோறு வெறுக்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு, கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழியில் எங்கள் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து என் கணவர் ரிஸ்வான் கோல் எடுத்தார்.

“என்னய அன்ஃபிட் எண்டு போட்டுட்டாங்க. ரத்தத்தில ஏதோ ஈரல் வருத்தமாம்.”

கட்டாரில் சாரதி வேலைக்காக மெடிக்கல் எடுக்கப் போயிருந்தார். அந்த வருத்தத்தின் பெயர் ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ், இரத்தத்தாலும் உடலுறவாலும் தொற்றும், பிறக்கும்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும்). மனைவிக்கும் உடனே இரத்தம் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த டொக்டர் சொல்லியிருந்தார்.

நான் ஒரு கிளினிக்கையும் தவறவிட்டவள் அல்ல. சீனி பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், எச்.ஐ.வி.யும் பார்த்தார்கள். இதை மட்டும் பார்க்கவில்லை. அடுத்த கிளினிக்கில் மருத்துவமாதிடம் கேட்டேன்.

“அது இங்க எல்லாருக்கும் செய்யிறதில்ல, தங்கச்சி. வெளியிலதான் செய்யோணும்” என்றார்.

சிலாபத்துக்குப் போய் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். எனக்கும் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ரிஸ்வான் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிறநாட்டில் வாகனம் ஓட்டப் போகிற ஓர் ஆணின் இரத்தத்தை, முகம் தெரியாத முதலாளிக்காக, துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அதே வீட்டில் பிள்ளை பெறப் போகிறவளின் இரத்தத்தைப் பார்க்க இங்கே எவருக்கும் தோன்றவில்லை. அவர் கட்டாருக்குப் போக நினைத்திராவிட்டால் என் வயிற்றிலிருந்த பிள்ளையின் கதை என்னவாகியிருக்கும்?

வீட்டில் வேறொரு விசாரணை தொடங்கியது. என் மாமியார் கற்பிட்டிக்காரி. என் வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்தவர்கள். நான் புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவள். திருமணமாகி இத்தனை வருடத்தில் மாமி அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்று சொன்னார்.

“எங்கட குடும்பத்தில இப்பிடி ஒரு வருத்தம் கிடையாது. முகாமில இருந்து நீதான் கொண்டு வந்திருக்கிற.”

“உம்மா, அத விடுங்க. எனக்கும்தானே இருக்கு” என்றார் ரிஸ்வான்.

“உனக்கு அவள்ட்ட இருந்துதான் வந்த.”

விசேட வைத்திய நிபுணரிடம் போனபோது நான் முதலில் கேட்டதும் அதைத்தான். யாரிடமிருந்து யாருக்கு? நடுத்தர வயதுப் பெண் அவர். நன்றாகத் தமிழ் கதைத்தார். “அதச் சொல்ல ஏலாது. கண்டுபிடிச்சும் ஒண்டும் ஆகப் போறதில்ல. இப்ப பிள்ளையக் காப்பாத்துவம்” என்றார்.

என் இரத்தத்தில் வைரஸின் அளவு கூடுதலாக இருந்ததால், அதைக் குறைக்கத் தினமும் ஒரு குளிசை தந்தார். பிள்ளை பிறந்த முதல் நாளுக்குள் இரண்டு ஊசி போட வேண்டும். ஒன்று தடுப்பூசி. மற்றது இமியூனோகுளோபுலின் (தயார்நிலையிலுள்ள எதிர்ப்புச் சக்தி, பிள்ளையின் உடம்பு தானாக அதை உண்டாக்கும்வரை காவல் நிற்பது). இரண்டும் நேரத்துக்குக் கிடைத்தால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும் என்றார்.

எழும்பும்போது இன்னொன்றும் கேட்டேன். “எங்கட பக்கம் வயித்துப் பிள்ளைக்காரிகளில எத்தின பேருக்கு இது இருக்கும், டொக்டர்?”

“குறைவு எண்டுதான் நினைக்கிறம்.”

“பாக்காம எப்பிடிக் குறைவு எண்டு தெரியும்?”

“ரத்ததானம் செய்ய வாறவங்கள வச்சுச் சொல்றதுதான்.”

“வயித்துப் பிள்ளைக்காரிகள் ரத்தம் குடுக்கிறதில்லையே.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஓம்,” என்றார். “நீங்க கேட்டது சரி. எனக்குத் தெரியாது.”

அந்த “தெரியாது” என்ற சொல்லுக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சொல்லை நான் மன்னிக்கவில்லை. கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களை நினைத்தேன். வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், கருவாடு காயப்போடுபவர்கள். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே ஒன்றும் அறியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டு இருந்தார்களோ.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மகன் பிறந்தான். பிரசவ அறையில் ஒரு தாதி மற்றவரிடம் சிங்களத்தில் “இவ பி நோயாளி, கவனம்” என்று சத்தமாகச் சொன்னார். எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தார்களோ, விளங்கினால் என்ன என்று நினைத்தார்களோ தெரியாது. என் கட்டில் ஒதுக்கிப் போடப்பட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார்கள். தட்டாலும் கோப்பையாலும் தொடுகையாலும் இது தொற்றாது என்பதை அந்த அறையில் அறிந்து நடந்தவள் நோயாளியான நான் மட்டும்தான்.

தடுப்பூசி இருந்தது. மற்ற ஊசி இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தோம்; ஆனாலும் இல்லை. கொழும்பில் எடுக்கலாம் என்றார்கள். ரிஸ்வான் மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊசி மருந்து உறையக் கூடாது, ஐஸில் நேரே படக் கூடாது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். மருந்தைத் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது பின்னேரம் மங்கிக்கொண்டிருந்தது. மகனின் சின்னத் தொடையில் ஊசி இறங்கியது. அவன் வீறிட்டான். அந்தச் சத்தம்போல நிம்மதி தந்த சத்தத்தை நான் வேறு கேட்டதில்லை.

“பால் குடுக்காத” என்று மாமி தடுத்தார். ஊசி போட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கொடுத்தேன். இதை வாசிக்கும் தாய்மாரும் பயப்படாமல் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

பிறகுதான் டொக்டர் எங்கள் மூத்த மகள் சஹ்லாவைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

“அவவுக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கு” என்றார் ரிஸ்வான்.

“முதல் ஊசி ரெண்டாம் மாசத்திலதானே. பொறக்கேக்கயே தொத்தியிருந்தா அது தடுக்காது.”

சஹ்லாவுக்குத் தொற்று இருந்தது.

அவ்வளவு சிறு வயதில் தொற்றினால் அது பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடும். வருடங்கள் கழித்து ஈரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம். வராமலும் இருக்கலாம். இப்போதைக்கு அவளுக்கு மருந்து தேவையில்லை, காலந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் ஓடி விளையாடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஒரே ஒரு சோதனையும் இரண்டு ஊசியும் அவளுக்கும் கிடைத்திருக்க முடியும்.

செய்தி எப்படியோ பாலர் பாடசாலைக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றார் ஆசிரியை. நான் சஹ்லாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சஹ்லாவின் கையைப் பிடித்து அங்கே போனார். நான் பின்னால் ஓடினேன்.

“இவளோட விளையாடினா ஒண்டும் தொத்தாது. டொக்டர்ட்டக் கேட்டுட்டுத்தான் வந்தன். உங்களுக்குச் சந்தேகம் எண்டா நீங்களும் போய்க் கேளுங்க. என்ட பேத்தி இண்டைக்கு இங்கதான் இருப்பா.”

வாசலிலேயே பள்ளி விடும்வரை மாமி உட்கார்ந்திருந்தார். முகாமைப் பற்றி அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. நானும் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை.

மகனுக்கு ஒரு வயதானபோது இரத்தம் பார்த்தோம். தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. ரிஸ்வான் ஆஸ்பத்திரி நடையிலேயே நெற்றி நிலத்தில் பட ஸஜ்தாவில் விழுந்தார். எனக்கும் நன்றி சொல்லத் தோன்றியது. பக்கத்தில் சஹ்லா பஞ்சு ஒட்டிய கையை மடித்துக்கொண்டு நின்றாள். என்னால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

கண்டக்குழியில் யார் முழுகாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் நான் வீடு தேடிப் போகிறேன். “கிளினிக்கில இந்தச் சோதனையையும் கேளுங்க. இல்லை எண்டா ஏன் இல்லை எண்டு கேளுங்க” என்கிறேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் கேட்கிறார்கள்.

ஈரல் வலிக்காத உறுப்பு என்பதை இப்போது அறிவேன். அதனால் வலி இல்லாத நாட்களையும் நான் நம்புவதில்லை. வலது விலாவுக்குக் கீழே கை தானாகப் போகிறது. என்னுடைய விலாவுக்கு மட்டுமல்ல, தூங்கும் மகளுடையதற்கும். அவள் பிறந்த நாள்தான் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வட்டிலப்பம் வந்தது, வாப்பா அவள் காதில் பாங்கு சொன்னார், பிள்ளை பால் குடித்துவிட்டு உறங்கினாள். இப்போது அந்த நாளை நினைத்தால், மெத்தென்று உறங்கும் அந்தப் பிள்ளையைச் சுற்றி, ஊசிக்கு இருந்த அந்த முதல் நாள் ஒவ்வொரு மணித்தியாலமாகக் கழிந்துபோவது தெரிகிறது. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.