பனிக்கால ஜின்னுக்குப் பரங்கிப்பூ

ஆடி மாதம், காலை ஏழரைக்கு விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கினேன். பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவே ஒரு காலி ஜின் பாட்டில். மதுவிலக்கு ஊருக்குள் காலி பாட்டிலோடு நுழையவே நெஞ்சு படபடத்தது என்றால் பாருங்களேன்!

கல்கத்தாவில் நான் வேலை பார்க்கும் மதுபானக் கம்பெனி, கிறிஸ்துமஸுக்குப் பனிக்கால ஜின் ஒன்று கொண்டுவருகிறது. அதன் லேபிளைச் சிவகாசியில் அச்சடிக்கலாம் என்று எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம் மன்றாடியவன் நான். "ஐஸ் வாளியில் சாயம் கரைந்தால் ஆர்டர் லண்டனுக்குப் போய்விடும். நேரில் சோதித்துப் பார்த்து வா" என்று அனுப்பிவிட்டார். சொந்த ஜில்லாவின் மானம் இனி என் பொறுப்பு.

சிவகாசிக்குப் பதினாறு மைல், பஸ்ஸுக்கு எட்டணா. வழியெல்லாம் காற்று கரிசல் மண்ணை வாரி முகத்தில் அடித்தது. "என்ன சோலியா வந்தீக?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். பனிக்கால லேபிள் பார்க்க என்றேன். "இந்த வெயில்லயா? நல்லாத்தான் இருக்கு போங்க!"

அச்சக முதலாளி தங்கவேல் அண்ணாச்சி படமும் தாமே வரைவார். துரை கேட்டபடி ஊசியிலை மரம், பனி எல்லாம் இருந்தன. மூலையில் கேட்காத ஒன்று: மஞ்சளாய் ஒரு பரங்கிப்பூ!

"இது என்ன அண்ணாச்சி?"

"பனிக்காலம்னா மார்களிதானே தம்பி? வாசல்ல பரங்கிப்பூ இல்லாத மார்களி உண்டுமா?"

"துரை கேட்கலையே!"

"அவருக்குத் தெரியாது, கேக்கல."

பூவை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே லேபிளைப் பாட்டிலில் ஒட்டி, சோடாக் கடை ஐஸைப் போட்ட வாளியில் இறக்கினேன்.

காத்திருந்தபோது பின்கட்டு வீட்டிலிருந்து அண்ணாச்சியின் மனைவி வந்தார். "அந்தச் சரக்கு எப்படித்தான் இருக்கும்?"

"கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல், ஏலம், பட்டை... கூட ஒரு குளிர்நாட்டுக் காய் மதினி."

"அந்தக் காய் போக மிச்சமெல்லாம் என் அடுப்படியில கிடக்கே!"

அவற்றையெல்லாம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, ஐஸ் போட்டு வெள்ளித் தம்ளர்களில் கொண்டுவந்தார். கம்பெனி முறைப்படி முதலில் முகர்ந்து, பிறகு கொஞ்சம் நாக்கில் நிறுத்தச் சொன்னேன். "இருமலுக்குக் கேக்கும்" என்றார் அண்ணாச்சி. நான் குடித்தேன். அடடா! போதையும் அந்தக் குளிர்நாட்டுக் காயும்தான் இல்லை. மற்றபடி துரையின் ஜின்னேதான். சரக்குக்குள் எங்கள் அஞ்சறைப் பெட்டி இருக்கலாம், மேலே எங்கள் பூ இருக்கக் கூடாதா?

பாட்டிலை எடுத்து என் வெள்ளை வேட்டி முனையால் அழுத்தித் துடைத்தேன். துளிச் சாயம் ஒட்டவில்லை.

"பூ இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று ரயிலேறினேன். சாயம் கரையவில்லை என்று மட்டும் துரையிடம் சொன்னேன்; லேபிளை அவர் விருந்தில்தான் பார்க்கப்போகிறார்.

கிறிஸ்துமஸ் விருந்தில் ஜின்னை ஊற்றியவன் நான்தான். கல்கத்தாக் குளிரில் ஸ்வெட்டருக்குள்ளும் எனக்கு வியர்த்தது. துரை ஐஸ் வாளியிலிருந்து பாட்டிலை எடுத்து லேபிளைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. பிறகு அது பூவின் மேல் வந்து நின்றது.

"இது என்ன?"

"எங்கள் ஊர்ப் பனிக்காலம்" என்றேன்.

ஒரு வாய் குடித்தார். மறுபடியும் லேபிளைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இதைப் பெரிதாகப் போடச் சொல்."