தாயும் சேயும் நலம்... அவர்?

இந்த வருஷம் எங்கள் தெருவில் புளி லேட். பக்கத்து வீட்டம்மா இரண்டு மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மலைக்குப் போகலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனேன். மூன்று தடவை போனேன். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

மாசி பிறந்தால் திருப்பத்தூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம் போனால் செல்வி வீடு. அங்கேதான் பல வருஷமாகப் புளி வாங்குகிறேன். எனக்கு மட்டுமில்லை, தெருவுக்கே சேர்த்து இருபது கிலோ. செல்விக்கு இருபத்தாறு வயது. அவள் புருஷன் முருகேசனுக்கு முப்பது. கொஞ்சம் நிலத்தில் சாமை போடுகிறார்கள், ஐந்து புளியமரம் இருக்கிறது. போன ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது.

அவர்கள் புளி உலுக்குவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ஆசை. முருகேசன் மேலே ஏறி ஒரு கிளையில் கால் ஊன்றிக்கொள்வார். உலுக்குவதற்கு முன்னால், "கீழ யாரு?" என்று குரல் கொடுப்பார். கீழே பொறுக்குகிறவர்கள் ஒதுங்கிக்கொண்டு, "யாரும் இல்ல, உலுக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் அவர் கிளையைத் தொடமாட்டார். அடுத்த கிளைக்குப் போனால் மறுபடியும் "கீழ யாரு?" ஒரு மரத்தில் நாற்பது தடவையாவது கேட்பார். காய்ந்த கிளை ஏதாவது முறிந்து யார் தலையிலாவது விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை.

மாசியில் போனபோது மரத்தடியில் யாரும் இல்லை. காய் எல்லாம் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அவரு மரம் ஏறமாட்டேன்றாருக்கா. ஒரு மாசமா இப்டித்தான். வூட்லயே குந்திகினு கீறாரு."

"என்ன ஆச்சு?"

"மரத்துல கீற காத்து கருப்பு புடிச்சிகிச்சுன்னு சொல்றாங்க. மந்திரிச்சி கயிறு கட்டியிருக்கு. மரத்துகிட்டயே போவக்கூடாதுன்ட்டாங்க."

முருகேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கருப்புக் கயிறு. என்னைப் பார்த்து, "வாங்கக்கா" என்றார். அவ்வளவுதான். வழக்கமாக, பஸ்ஸில் கூட்டமா, வெயில் எப்படி, பிள்ளைகள் போன் பண்ணினார்களா என்று வரிசையாகக் கேட்கிற மனிதர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எழுதுகிறவளாயிற்றே, வாய் சும்மா இருக்குமா? "பொம்பளப் புள்ள பிறந்திருக்கு முருகேசா. இனிமேதான் பொறுப்பு ஜாஸ்தி. பேய் பிசாசுன்னு உட்கார்ந்துட்டா எப்படி?" என்று பத்து நிமிஷம் உபதேசம் செய்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும் நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் காலிப் பையோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் புலம்பினேன். சோம்பேறித்தனத்துக்குப் பேய் மேல் பழி போடுகிறார்கள் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"குழந்தை பிறந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"ஆறு மாசம்."

"பிரசவம் கஷ்டமா இருந்துச்சுன்னு சொன்னியே?"

ஆமாம், ரொம்பக் கஷ்டம். மலைப் பாதையில் ஆம்புலன்ஸில் இறங்கும்போதே செல்விக்கு வலிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். எனக்குக்கூட போனில் சேதி வந்தது. "தாயும் சேயும் நலம்." அப்பாடா என்று சாமிக்கு ஒரு விளக்கு ஏற்றினேன்.

"அந்தப் பையன் எப்படி இருந்தான்னு கேட்டியா?" என்றார்.

அவருக்கு என்ன, அவர் நன்றாகத்தான் இருந்திருப்பார்... என்று சொல்ல வாயெடுத்தேன். கணவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"நம்ம பொண்ணு பிறந்தப்போ நான் தினம் சாயங்காலம் டயருக்குக் காத்து அடிக்கப் போவேனே, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? எங்கள் வீட்டில் அது இன்றுவரை ஓடுகிற ஜோக். ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, "காத்து கம்மியா இருக்கு" என்று பெட்ரோல் பங்குக்குக் கிளம்பிவிடுவார். வர ஒரு மணி நேரமாகும். தினமும் காற்றுப் போகிற ஒரே ஸ்கூட்டர் திருப்பத்தூரிலேயே இவருடையதுதான் என்று என் தம்பி கிண்டல் செய்வான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"காத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். "பங்குக்குப் பின்னாடி ஒரு சிமென்ட் கட்டை இருக்கும். அதுல உட்கார்ந்துட்டு வருவேன். சில நாள் அழுதிருக்கேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. வீட்டுக்குள்ள வந்தா மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். நாலஞ்சு மாசம் அப்படி இருந்துச்சு."

இருபத்தேழு வருஷம் கழித்துச் சொல்கிறார். அதுவும் புளி கிடைக்காத கதையைக் கேட்டுவிட்டு. "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கோபப்பட்டேன். "நீ கேட்கலையே" என்றார். குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. எனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

யோசித்துப் பாருங்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு நாம் போகிறோம். குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறோம். அம்மாவிடம், பால் இருக்கிறதா, முதுகு வலிக்கிறதா, தூங்கினாயா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அப்பாவைப் பார்த்து என்ன கேட்கிறோம்? "ஸ்வீட் எங்கே?"

அடுத்த வாரமே மறுபடி மலை ஏறினேன். இந்த முறை பை எடுத்துப்போகவில்லை. செல்வி வாசலில் உட்கார்ந்து, தானாக உதிர்ந்த புளியை ஓடு நீக்கிக் கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். முருகேசன் அதே சுவர், அதே சாய்மானம்.

"போன தடவை நான் பேசினது தப்பு முருகேசா. மனசுல வச்சுக்காத. நீ எப்படி இருக்கேன்னு நான் கேட்கவே இல்ல. இப்ப கேட்கிறேன்."

அவர் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். செல்வி புளி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தூக்கம் இல்லக்கா" என்று ஆரம்பித்தார். "கொழந்த மூச்சு வுடுதான்னு மூக்குகிட்ட வெரல வச்சிப் பாத்துகினே கீறேன். கண்ண மூடுனா அந்த ஆம்புலன்ஸுதான் வருது. யார் இன்னா பேசனாலும் காதுல ஏறமாட்டேன்து."

"மரம் ஏறாததுக்கு..."

"பேய்லாம் இல்லக்கா." குரல் தணிந்தது. "அன்னிக்கி மேல நின்னுகினு, கீழ யாருன்னு கேட்டேன். யாரும் இல்ல, உலுக்குன்னு செல்வி சொல்லுச்சு. அப்போ தோணுச்சு... கைய வுட்டா இன்னான்னு. கீழதான் யாரும் இல்லியே, யாருக்கும் அடிபடாதுன்னு."

புளி தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"பயந்துட்டேன். கெளைய கட்டிப் புடிச்சிகினு கொஞ்ச நேரம் அப்டியே குந்திகினு இருந்தேன். மெல்ல எறங்கி வந்தவன்தான், அப்புறம் ஏறல. ஒடம்பு நடுங்குறதப் பாத்துட்டு ஊருல கீறவங்களே பேய்னு சொன்னாங்க. நானும் வுட்டுட்டேன். பேய் புடிச்சிச்சுன்னா பாவம்ன்றாங்க. மனசு சரியில்லன்னா, உனக்கு இன்னா கொறச்சல்ன்றாங்க."

சத்தியமான வார்த்தை. மலையில்தான் இப்படி என்று நாம் சிரிக்க வேண்டாம். கீழே நம் வீடுகளில் இதற்கு கேஸ் ட்ரபிள் என்று பெயர். அல்லது பி.பி. அல்லது ஆபீஸ் டென்ஷன். வயிற்றில் கோளாறு என்று சொன்னால் லீவு கிடைக்கும், மோர் கிடைக்கும். மனதில் கோளாறு என்று ஒரு அப்பா சொன்னால் என்ன கிடைக்கும்? நான் முதல் தடவை கொடுத்தேனே, அந்த உபதேசம் கிடைக்கும்.

செல்வி எழுந்து வந்தாள். அழவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"நீயே பொழச்சி வந்து கீற. உங்கிட்டப் போய் இத இன்னாத்த சொல்றது?"

"நான் பொழச்சி வந்தது நீ கைய வுடறதுக்கா?"

அவர் அப்போதுதான் அழுதார். தோள் குலுங்க, குழந்தை மேல் கண்ணீர் விழ அழுதார். குழந்தை அவர் சட்டைப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து வெளியே போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. இருந்தேன்.

அன்று மத்தியான பஸ்ஸிலேயே மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையில் என் கணவர் ஆட்டோ வைத்து அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனார். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, அந்த நினைப்பு மறுபடி வந்ததா என்று சுற்றி வளைக்காமல் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு அம்மாக்களுக்கு வருகிற மனச்சோர்வு மாதிரி அப்பாக்களுக்கும் வரும், மருந்து இருக்கிறது, சரியாகும் என்றார்.

"ஆம்பளைக்குமா வரும்?" என்று கேட்டார் முருகேசன்.

"உங்களுக்கு வந்திருக்கே" என்றார் டாக்டரம்மா.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து பேசச் சொன்னார். இப்போதைக்கு மரம் ஏற வேண்டாம், தனியாக விட வேண்டாம் என்றார். கயிற்றை அவிழ்க்கணுமா என்று செல்வி கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும், மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். கடைசியாகச் செல்வியிடம் ஒன்று சொன்னார். "தினம் ஒரு தடவை எப்படி இருக்கீங்கன்னு அவரைக் கேளுங்க. நல்லாருக்கேன்னு ஒரே வார்த்தையில சொன்னா, இன்னொரு தடவை கேளுங்க."

ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. நடுவில் ஒரு தடவை மாத்திரையை நிறுத்திவிட்டார், தூக்கம் போய்விட்டது, மறுபடி ஆரம்பித்தார்கள். செல்வியின் அண்ணன் வந்து நான்கு மரத்தை உலுக்கிக் கொடுத்தார். பாதிக் காய் அதற்குள் உதிர்ந்து வீணாகியிருந்தது. ஆனால் முருகேசன் தூங்குகிறார். நான் போன் செய்தால், வெயில் எப்படி, பிள்ளைகள் பேசினார்களா என்று பழையபடி கேட்கிறார்.

போன வாரம் மூன்றாவது தடவை போனேன். ஐந்தாவது மரம் மட்டும் பாக்கி. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, அண்ணன் உச்சிக்கு ஏற, முருகேசன் தாழ்வான கிளைக்கு ஏறினார். ஓர் ஆள் உயரம்தான் இருக்கும்.

"கீழ யாரு?"

செல்வி குழந்தையோடு ஒதுங்கி நின்றாள். ஆனால், "யாரும் இல்ல" என்று சொல்லவில்லை.

"நானும் கொழந்தையும் கீறோம். ஓரமா கீறோம். உலுக்கு."

கிளை ஆடியது. புளி சடசடவென்று கொட்டியது. அவர் அடுத்த கிளைக்கு நகர்ந்தார். கீழே யாரென்று அவர் கேட்பதற்கு முன்னால் செல்வி கேட்டாள்.

"மாமா... மேல எப்டி கீற?"

இத்தனை வருஷத்தில் அந்த மரத்தடியிலிருந்து மேலே போன முதல் கேள்வி அதுதான். நான் கேட்டவரையில்.

"கொஞ்சம் படபடன்னு கீது."

"அப்போ எறங்கி வா."

இறங்கி வந்தார். மச்சான் மேலே இருந்துகொண்டு கேலி செய்யவில்லை. செல்வி தண்ணீர் கொடுத்தாள். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். மீதிக் கிளைகளை அண்ணன் எட்டிய வரைக்கும் உலுக்கினார். எட்டாதது மரத்திலேயே நின்றுவிட்டது.

ஆகவே தெருவாசிகளே, இருபது கிலோ கேட்டேன், ஏழு கிலோதான் கிடைத்தது. இந்த வருஷம் ரசம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்... குடித்துக்கொள்ளுங்கள்.